மச்சான் வாய்க்குள் போன கெளுத்தி

என் கையெழுத்துக்காக இந்த வாரமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோழி கிளறிய குப்பைமேடு மாதிரி இருக்கும். படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். பிழையும் நிறைய இருக்கும். இதைப் பத்திரிகை ஆபீஸில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற தங்கச்சி போன வாரம் போனில் கேட்டது: “அண்ணே, இது கெளுத்தியா, கழுத்தியா?”

கெளுத்திதான் தங்கச்சி. இந்த வாரம் முழுக்க அதுதான் வரும்.

கையெழுத்துதான் கோணல். சொல்லப்போகிற விஷயத்தில் கோணல் கிடையாது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் கெளுத்தி மீனைப் பற்றி யார் எங்கே கேட்டாலும் நான் பின்வாங்க மாட்டேன்.

மதகடியில் ஒரு வெள்ளிக்கிழமை

அது ஒரு மாசி மாதம். சில வருஷங்களுக்கு முன்னால். அறுவடை முடிந்து, நெல் அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து காய் பிடித்திருந்தது. ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊர் வாய்க்காலும் வற்றி, மதகடி மடுவில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் கிடந்தது.

வாய்க்கால் நெடுக ஓடித் திரிந்த மீன் எல்லாம் அந்த ஒரு மடுவுக்குள் வந்து அடைந்திருந்தது. மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் சேற்றால் அணை போட்டு, டீசல் என்ஜின் வைத்துத் தண்ணீரை இறைத்தோம். வெயில் ஏறுவதற்குள் முட்டியளவு ஆகிவிட்டது. சேற்று வாடையும் டீசல் புகையும் கலந்து அடித்தன. கொக்குகள் வரப்பில் வரிசை கட்டி, எங்களை நம்பி நின்றன.

மடுவுக்குள் நாலைந்து பேர். அதில் இந்தக் கதைக்கு வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அக்காள் புருஷன் அந்தோணி மச்சான். இன்னொருவர் பக்கத்து வயல்காரர் காளிமுத்து அண்ணன். கரையில் கூடையோடு என் அக்காள் ஆரோக்கியம் நின்றிருந்தது.

எங்களுக்குத் தவக்காலம். வெள்ளிக்கிழமை கறி ஆகாது, மீன் ஆகும். காளிமுத்து அண்ணன் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் மீன் சட்டியையே கவிழ்த்து வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் அவர் இதைச் சொல்லாமல் மடுவில் இறங்க மாட்டார்.

“நாங்க வெள்ளிக்கெழமைன்னா மீனை வாயில வைக்க மாட்டோம். நீங்க வெள்ளிக்கெழமைன்னா மீனைத்தான் வாயில வைப்பீங்க. நல்ல விரதம்யா ஒங்களுது!”

“ஒமக்கு என்ன காளிமுத்து, ஒம்ம பங்கைப் பானையில விட்டு வச்சு நாளைக்குத் திங்கப் போறீரு. கெளுத்தி ஒமக்காக ஒரு நாள் உசுரோட காத்துக் கெடக்கும். ஒம்ம பொண்டாட்டி காத்துக் கெடக்குமா?” என்றார் மச்சான்.

மடுவே சிரித்தது. மச்சான் இருக்கிற இடத்தில் இப்படித்தான்.

கெளுத்தி என்கிற மீன்

பட்டணத்து வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நான் சொல்வது கடல் கெளுத்தி இல்லை. எங்கள் வாய்க்கால் கெளுத்தி. பெரியதே விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். செதில் கிடையாது, வழவழ என்று இருக்கும். பக்கவாட்டில் கோடு, செவுளுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு, உடம்பு நீளத்துக்கு மீசை. கலங்கல் தண்ணீரில் அந்த மீசைதான் அதற்குக் கண்.

தனியாக ஒரு கெளுத்தியை நான் பார்த்ததே இல்லை. ஒன்று கையில் பட்டால் அதே பொந்தில் கூட்டமே இருக்கிறது என்று அர்த்தம்.

அதற்கு மூன்று முள். முதுகில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பயந்தால் மூன்றையும் விறைத்துக்கொள்ளும். அப்புறம் பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும், மடக்க முடியாது. குத்தினால் தோள்பட்டை வரைக்கும் கடுக்கும். சுடுதண்ணீரில் துணியை நனைத்து ஒற்றடம் வைத்துக்கொண்டு முனகவேண்டியதுதான்.

பிடித்துத் தூக்கினால் கத்தும். தொண்டையால் இல்லை, அந்தப் பக்க முள்ளை அடியில் உரசி உரசி ஒரு சத்தம் எழுப்பும். எண்ணெய் போடாத கதவு மாதிரி, கிறுகிறு என்று.

ஒரு தவக்காலத்தில் அக்காள் கெளுத்திப் பானையைக் கோயில் வராந்தாவில் வைத்துவிட்டுச் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு வந்துவிட்டது. எல்லாரும் முழங்காலில் நிற்கிறோம். ஃபாதர் மௌனமாக ஜெபிக்கச் சொல்கிறார். வெளியே பானை பேச ஆரம்பித்தது. ஃபாதர் கண்ணைத் திறந்து, “யார் வீட்டு மீனுங்க அது?” என்றார். அக்காள் தலையே நிமிரவில்லை. மச்சான்தான் எழுந்து, “அதுவும் ஜெபம் பண்ணுது ஃபாதர்” என்றார்.

மச்சானும் நானும்

மச்சான் எனக்காகப் பேசுகிற ஆள். கடையில், பஸ்ஸில், உர வண்டிக்காரரிடம், எல்லா இடத்திலும். என் கல்யாணத்தில் ஃபாதர், “இவரை உன் மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா?” என்று கேட்டபோது நான் தலையை ஆட்டினேன். “வாயால சொல்லணும்பா” என்றார். எனக்கு வரவில்லை. கோயில் முழுக்கச் சனம். முதல் பெஞ்சிலிருந்து மச்சான் குரல் கேட்டது: “சம்மதந்தான் ஃபாதர், நேத்து ராத்திரியே எங்கிட்ட சொல்லிட்டாரு!”

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வாய் திறந்தது.

சரி, மடுவுக்கு வருகிறேன்.

வாயில் கொழுக்கட்டை

சேற்றில் தடவி மீன் பிடிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கையில் மீன் இருக்கும். அந்த நேரம் பார்த்து இன்னொரு கைக்குப் பெரிய மீன் ஒன்று தட்டுப்படும். இரண்டு கையும் வேண்டும். கையில் இருப்பதைக் கரைக்கு எறியத் திரும்பினால் பெரியது நழுவிவிடும். அதனால் சின்ன மீனைப் பல்லுக்கு நடுவே கவ்விக்கொள்வோம். கெண்டையை அப்படிக் கவ்வலாம். கெளுத்தியைக் கவ்வுகிறவன் எங்கள் பக்கத்தில் ஒருவன்கூடக் கிடையாது, மச்சானைத் தவிர. முள்ளை ஒடித்துவிட்டால் அதுவும் கெண்டைதான் என்பார்.

அன்றைக்கு மதகுச் சுவருக்கு அடியில் அவர் கைக்கு ஒரு விரால் தட்டுப்பட்டது. வலது கையில் கெளுத்தி. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலால் முள்ளை ஒரு தட்டுத் தட்டினார், வாயில் வைத்தார், இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டார்.

கொஞ்ச நேரம் மடுவில் சத்தமே இல்லை. என்ஜின் மட்டும் ஓடியது.

கரையிலிருந்து அக்காள் கேட்டது: “என்னங்க, இன்னிக்கு சத்தத்தையே காணோம்? வாயில கொழுக்கட்டையா?”

மச்சானுக்கு எதை வேண்டுமானாலும் அடக்கத் தெரியும், பதிலை அடக்கத் தெரியாது.

“அடியே...” என்றார்.

அவ்வளவுதான் வந்தது. பல் விலகியதும் கெளுத்தி இருட்டைப் பார்த்துப் பாய்ந்துவிட்டது.

மச்சான் நிமிர்ந்தார். கண் இரண்டும் பிதுங்கியிருந்தன. கையில் இருந்த விராலை அப்படியே விட்டுவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். முதலில் விளையாடுகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அப்புறம் அவர் வாயிலிருந்து கிறுகிறு என்று ஒரு சத்தம் வந்தது. அது மச்சான் போட்ட சத்தம் இல்லை.

என் சத்தம்

காளிமுத்து அண்ணன்தான் முதலில் ஓடினார். மச்சானின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தார். “வாலு தெரியுதுய்யா! பிடிச்சிட்டேன்!” என்று இழுத்தார். மச்சான் துடித்தார். கடைவாயில் ரத்தம் வந்தது.

வாலைப் பிடித்து இழுத்தால் முள் எதிர்ப்பக்கமாகக் குத்தி நிற்கும். வலையில் மாட்டிய கெளுத்தியை எடுத்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். காளிமுத்து அண்ணனுக்கும் தெரியும். ஆனால் கண் முன்னால் ஒரு ஆள் மூச்சுக்குத் தவிக்கும்போது தெரிந்தது எல்லாம் மறந்துபோகும், கைதான் முந்திக்கொள்ளும்.

“இழுக்காதீங்க! கையை எடுங்கய்யா!”

அது என் குரல் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. காளிமுத்து அண்ணன் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். மீன் பேசினால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

மச்சானுக்கு மூச்சு முழுக்க அடைக்கவில்லை. விசில் மாதிரி சன்னமாக வந்துகொண்டிருந்தது. அதுதான் இருந்த ஒரே நம்பிக்கை. முன்னால் குனிய வைத்து, எச்சிலும் ரத்தமும் கீழே வழியட்டும் என்று விட்டோம். ரோட்டில் வைக்கோல் ஏற்ற வந்த குட்டியானை வண்டி ஒன்று நின்றது. பின்னால் அவரை உட்கார வைத்து, நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். அக்காள் முழங்கால் சேற்றோடு ஏறியது. காளிமுத்து அண்ணனும் ஏறினார்.

மன்னார்குடி போகிற வழி முழுக்க நான் அந்த விசில் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு போனேன். வண்டி குழியில் விழுந்து எழும்போதெல்லாம் அது நிற்கும். திரும்ப வருகிற வரைக்கும் என் மூச்சும் நின்றிருக்கும். அக்காள் அழவில்லை. “நான்தான் தம்பி அவரைப் பேச வச்சேன். நான்தான் பேச வச்சேன்” என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தது.

ஒருத்தர் மட்டும் பேசுங்க

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்ததும் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. டாக்டரம்மா சின்ன வயசு. என்ன, ஏது என்று கேட்டதும் அக்காள், காளிமுத்து அண்ணன், வண்டிக்காரர் என்று எல்லாரும் சேர்ந்து பேசினார்கள்.

“ஒருத்தர் மட்டும் பேசுங்க. யாரு பார்த்தது?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் நான் மச்சானைத்தான் பார்ப்பேன். அன்றைக்கும் பழக்கத்தில் அவரைத்தான் பார்த்தேன். அவர் ஸ்ட்ரெச்சரில் குனிந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பேசினேன். மீன் கெளுத்தி. உயிரோடு போயிருக்கிறது. தலை உள்ளே, வால் வெளியே. வாலை ஒரு தடவை இழுத்துவிட்டோம், அதனால் முள் பதிந்திருக்கும். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

“கெளுத்தியா? முன்னாடி ஒருத்தருக்குக் கெண்டை எடுத்திருக்கேன். கெளுத்தி இதுதான் முதல் தடவை. முள்ளு எந்தப் பக்கம் விரியும்னு...” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிறுகிறு என்று ஒரு சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பினோம்.

காளிமுத்து அண்ணன் கையில் அவர் பங்குப் பானை. மடுவிலிருந்து வண்டிக்கு ஓடி வந்தபோது பழக்கத்தில் கையில் எடுத்ததை அவர் கீழே வைக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“என்னங்க இது? மீனை எல்லாம் உள்ள எடுத்துட்டு வருவீங்களா?” என்று நர்சம்மா சத்தம் போட்டது.

“இருங்க சிஸ்டர்” என்றார் டாக்டரம்மா. “அதுல ஒண்ணை எடுத்துக் காட்டுங்க.”

நான் ஒரு கெளுத்தியை எடுத்து, கையை மூடி, வாலைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். முள் உள்ளங்கையில் ஏறியது. அப்புறம் முன்பக்கமாகக் கொஞ்சம் தள்ளிக் காட்டினேன். விட்டது. அவர் குனிந்து இரண்டையும் கவனித்துப் பார்த்தார்.

“சரி. உள்ள தள்ளி விடுவிக்கலாம், ஆனா அது கீழ எறங்கிடுச்சுன்னா கஷ்டம். அங்கேயே வச்சு முள்ளை நறுக்கிடறேன். மயக்க டாக்டரைக் கூப்பிடுங்க” என்றவர், மச்சானிடம் குனிந்தார். “ஐயா, வாயில வைக்கிறதுக்கு முன்னாடி முள்ளை ஒடிச்சீங்களா? எத்தனை? விரலைக் காட்டுங்க.”

மச்சான் மூன்று விரலைக் காட்டினார்.

நான் அவர் கட்டைவிரல் போன வேகத்தைப் பார்த்தவன். அந்தத் தட்டில் மூன்று ஒடியாது.

“டாக்டரம்மா, ஒண்ணும் ஒடியலைன்னே வச்சுக்குங்க” என்றேன்.

அந்த நிலைமையிலும் மச்சான் என்னை முறைத்தார். அக்காள் அவர் தலையில் கையை வைத்து, “இப்பவாச்சும் உண்மையைக் காட்டுங்களேன்” என்றது. அவர் மூன்று விரலையும் மடக்கவே இல்லை. அப்படியே உள்ளே கொண்டுபோனார்கள்.

வராந்தா

வெளியே நானும் அக்காளும் சுவரோரம் உட்கார்ந்தோம். சேறு காய்ந்து காலில் வெடித்தது. எங்கள் பக்கம் வந்து போகிறவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். காளிமுத்து அண்ணன் பானையை வெளியே கொண்டுபோய் மரத்தடியில் வைத்துவிட்டு வந்து, எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அக்காள் குடிக்கவில்லை. ஆறி ஆடை படிந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தது.

“நான் இழுத்திருக்கக் கூடாது தங்கச்சி” என்றார் அவர்.

“நான் கேட்டிருக்கக் கூடாதுண்ணே” என்றது அக்காள்.

நான் பேசவேண்டியதை எல்லாம் உள்ளேயே பேசி முடித்துவிட்டிருந்தேன். கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்து டாக்டரம்மா வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதைப் பார்த்ததும் அக்காள் டீயைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக அழுதது.

“நல்லா இருக்காரு. உள்ள கிழிசல் இருக்கு, ஆறணும். ரெண்டு வாரத்துக்குப் பேசவே கூடாது” என்றார்.

“ரெண்டு வாரமா?” என்றார் காளிமுத்து அண்ணன். “அதுக்கு மீனே தேவலைன்னு சொல்லிடுவாரும்மா.”

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு எவர்சில்வர் தட்டைக் காட்டினார். முதுகு முள்ளும் ஒரு பக்க முள்ளும் கத்தரித்த அடையாளத்தோடு இருந்தன. இன்னொரு பக்க முள் முன்பே ஒடிந்திருந்தது. ஆக மச்சான் ஒன்றை ஒடித்திருக்கிறார். நான் சொன்னது முழுக்கச் சரி இல்லை. அவர் காட்டியதும் சரி இல்லை.

அந்த இரண்டு வாரம்

மச்சான் வீட்டில் அந்த இரண்டு வாரமும் டி.வி. ஓடியது, சத்தத்தோடு. சும்மா இருந்தால் வீடு பயமாக இருக்கிறது என்றது அக்காள். அவர் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சியைத் துளித்துளியாக விழுங்குவார். யார் பார்க்க வந்தாலும் என்ன நடந்தது என்று கேட்பார்கள். அவர் என் பக்கம் கையைக் காட்டுவார். நான்தான் சொல்லவேண்டும்.

முதல் நாள் நாலு வார்த்தையில் முடித்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை. இன்னும் சொல், இன்னும் சொல் என்று கையை ஆட்டினார். இரண்டாவது நாள் மதகைச் சொன்னேன், என்ஜினைச் சொன்னேன். ஒரு வாரம் போனபோது கொழுக்கட்டை வரைக்கும் சொல்லிச் சிரிக்க வைக்க எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டுக்கோட்டையிலிருந்து வந்த சம்பந்திகளுக்கு நான் சொன்னதைக் கேட்டு மச்சான் கட்டிலைத் தட்டிச் சிரித்தார். சிரிக்கக் கூடாது என்று அக்காள் ஓடி வந்தது.

பேசலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கு, வீட்டுக்கு வந்ததும் அவர் தொண்டையைச் செருமினார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம்.

“அடியே ஆரோக்கியம்” என்றார். குரல் மணலில் இழுத்த மாதிரி இருந்தது. “கொழுக்கட்டை இல்லடி, கெளுத்தி.”

இரண்டு வாரமாக வைத்திருந்த பதில். அக்காள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டது. வெகுநேரம் வெளியே வரவில்லை.

இப்போது

மச்சான் நன்றாக இருக்கிறார். குரலில் மட்டும் ஒரு கரகரப்பு தங்கிவிட்டது. இப்போதும் ஒவ்வொரு மாசியிலும் மடுவில் இறங்குகிறார். மீனைக் கவ்வுவதில்லை.

கதையை அவரே சொல்ல ஆரம்பித்ததிலிருந்து அந்தக் கெளுத்தி வளர்ந்துகொண்டு வருகிறது. முதல் வருஷம் முக்கால் ஜாண். அப்புறம் ஒரு ஜாண். டீக்கடையில் கையை விரித்துக் காட்டி, “வேணும்னா என் மாப்ளயைக் கேளுங்க, தட்டுல கெடந்ததைப் பார்த்த ஆளு” என்பார். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். ஒரு தடவைகூட மறுத்தது கிடையாது. அன்றைக்கு வராந்தாவில் கதவைப் பார்த்துக்கொண்டு நான் வேண்டிக்கொண்டதே, இந்த மனுஷர் இன்னும் பல வருஷம் இப்படி அளந்துகொண்டு இருக்கவேண்டும் என்றுதான்.

ஆனால் நேற்று அது முழம் ஆகிவிட்டது. நான் அதற்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தாளை எடுத்தேன். முழ நீளக் கெளுத்தி எங்கள் வாய்க்காலில் பிறந்ததே இல்லை. அவர் சொல்வதைக் கேட்கிறவர்கள் நம்பிவிடக் கூடாது.

பத்திரிகை வந்ததும் அக்காள் அவருக்கு வாசித்துக் காட்டும். அவர் சண்டைக்கு வருவார். வரட்டும். நாலு பேர் முன்னால் கேட்கட்டும். வாயாலேயே பதில் சொல்கிறேன்.

அது என் நடுவிரல் நீளம். வாலையும் சேர்த்து.

மாசி மாதம், தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை.